தடைக்கு முந்தைய துப்பாக்கிகள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் பேசியபோது, தன் பள்ளியில் விளையாடும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். ஆசிரியை விளக்கை அணைத்துக் கதவைத் தாழிடுவார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியாத மூலையில் குழந்தைகள் அனைவரும் பேசாமல் அமர வேண்டும். தும்மினால்கூடத் தோற்றவராகிவிடுவார்களாம். அது விளையாட்டன்று. துப்பாக்கியுடன் ஒருவன் பள்ளிக்குள் நுழைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான ஒத்திகை. தீ விபத்து ஒத்திகையைப் போலவே இத்தகைய பாதுகாப்பு ஒத்திகையையும் மாதந்தோறும் நடத்த வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம்.

இத்தனைக்கும் நியூ ஜெர்சி, ராணுவத் துப்பாக்கிகளின் சாயலில் அமைந்த அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை 1990-ஆம் ஆண்டிலேயே தடை செய்த மாநிலம். தடை வந்து ஒரு தலைமுறை கடந்த பிறகும் ஏழு வயதுக் குழந்தை இருட்டில் மூச்சடக்கி அமர வேண்டியிருப்பது ஏன்? அமெரிக்காவில் ஓயாது நடக்கும் துப்பாக்கித் தடை விவாதத்தை இந்தக் கேள்வியிலிருந்து அணுகுவது பயன் தரும் என்று கருதுகிறேன்.

முதலில் சொற்களின் பொருள். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் பாய்ந்து, அடுத்த தோட்டா தானாகவே சுடுநிலைக்கு வந்துவிடுவது அரைத் தானியங்கித் துப்பாக்கி. விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தோட்டாக்கள் தொடர்ந்து பாய்வது முழுத் தானியங்கி, அதாவது இயந்திரத் துப்பாக்கி. கடைகளில் விற்கப்படும் ஏஆர்-15 முதல் வகையைச் சேர்ந்தது. அதன் பெயரிலுள்ள 'ஏஆர்', தாக்குதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்று பலரும் எழுதுகின்றனர். அதை முதலில் வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமே அது.

தடையை எதிர்ப்போரிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டுத் தடையை ஆதரித்துப் பேசுவது நேர்மையாகாது. 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழந்தோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டோர் 20,958 பேர். கொலைகளிலும் கைத்துப்பாக்கியின் பங்கே பெரிது. எஃப்பிஐ திரட்டிய 2020-ஆம் ஆண்டு விவரங்களின்படி, துப்பாக்கிக் கொலைகளில் 59 விழுக்காடு கைத்துப்பாக்கியால் நிகழ்ந்தவை. 'ரைஃபிள்' எனப்படும் நீள்குழல் துப்பாக்கிகள் அத்தனையும் சேர்ந்து 3 விழுக்காடு. ஆயுதத்தின் வகை பதிவாகாத கொலைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதால் இந்த 3 சற்றுக் கூடலாம். ஆனால் 30 ஆகிவிடாது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007-இல் 32 பேரைக் கொன்றவன் கைகளில் இருந்தவையும் கைத்துப்பாக்கிகள்தாம். கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்து அங்கு பொறியியல் பேராசிரியராக உயர்ந்த தமிழர் ஒருவர் அன்று வகுப்பறையிலேயே உயிரிழந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆகவே, அரைத் தானியங்கி ரைஃபிள்களைத் தடை செய்தால் அமெரிக்காவின் துப்பாக்கி மரணங்கள் பெருமளவில் குறைந்துவிடும் என்று கூறுவோர், புள்ளிவிவரங்களை ஊன்றிப் பார்க்காதவர்கள்.

பின் எதற்காகத் தடை? ஒரே மனிதன் ஒரே வேளையில் எத்தனை பேரைக் கொல்ல முடியும் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதற்காக. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். குழந்தைகளுக்கு வயது ஆறு, ஏழு. 2017 அக்டோபரில் லாஸ் வேகஸ் நகர விடுதியின் சன்னலிலிருந்து ஒருவன் பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டான். 2022 மே மாதம் டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், பதினெட்டு வயது நிறைந்த சில நாள்களுக்குள் இரண்டு ஏஆர் வகைத் துப்பாக்கிகளைச் சட்டப்படியே விலைக்கு வாங்கியவன். மொத்த மரணங்களில் இவற்றின் பங்கு சிறிதாக இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் குழந்தைகள் அனைவரையும் மாதந்தோறும் இருட்டில் அமரவைப்பது இந்தச் சிறு பங்குதான். இந்தச் செலவை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் கணக்கில் எடுப்பதில்லை. ஒருவரது பொருளாதாரச் செயலின் பாரத்தை அதில் தொடர்பற்ற பிறர் சுமப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு என் நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைத்ததில்லை.

அமெரிக்கா இத்தகைய தடையை ஒருமுறை முயன்று பார்த்த நாடு. 1994 செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்ட சட்டம், சில துப்பாக்கி மாதிரிகளைப் பெயர் சொல்லியும், வேறு சிலவற்றை உறுப்புகளின் அடிப்படையிலும் தடை செய்தது. பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் 'மேகசின்'களின் புதிய விற்பனையையும் நிறுத்தியது. பத்து ஆண்டுகள் மட்டுமே உயிர் கொண்ட அச்சட்டம், 2004-இல் நீட்டிக்கப்படாமல் காலாவதியானது. அதன் பலன் என்ன என்பதை ஆராய்ந்து குற்றவியல் அறிஞர் கிறிஸ்டோபர் கோப்பர் அரசுக்கு அளித்த அறிக்கை, பலன் இருந்தாலும் நம்பத்தகுந்த வகையில் அளக்க முடியாத அளவுக்குச் சிறியதாகவே இருக்கும் என்றது. எதிர்ப்பாளர்கள் இன்றுவரை இந்த அறிக்கையையே எடுத்துக்காட்டுகின்றனர். அதே அறிக்கை அதற்குச் சொன்ன காரணத்தை அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை.

சட்டம் வருவதற்கு முன் வாங்கப்பட்டவை அனைத்துக்கும் விலக்களிக்கப்பட்டிருந்தது. அப்போது தனியாரிடம் இருந்த அத்தகைய துப்பாக்கிகள் சுமார் 15 லட்சம். பெரிய மேகசின்களோ பல கோடி. அவற்றை வைத்திருக்கலாம், விற்கலாம், வாங்கலாம். தடைக்கு முன் தயாரிக்கப்பட்ட மேகசின்களை வெளிநாடுகளிலிருந்து லட்சக்கணக்கில் இறக்குமதி செய்யவும் வழியிருந்தது. சட்டம் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் விலை ஏறியது. ஏறிய விலையைக் கண்ட உற்பத்தியாளர்கள் உற்பத்தியைப் பெருக்கிக் கிடங்குகளை நிரப்பினர். விளைவு, தடை நடைமுறைக்கு வந்தபின் விலை மீண்டும் சரிந்தது. ஒரு பொருளைத் தடை செய்தபின் அதன் விலை குறைந்த விந்தை அது.

பொருளாதாரத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு இருப்பு, வரத்து என்னும் வேறுபாட்டைக் குளத்தைக் காட்டி விளக்குவேன். வரத்துக் கால்வாயை அடைத்துவிட்டால் குளம் அன்றே வற்றிவிடாது. குளத்து நீராவது வெயிலில் குறையும். எண்ணெயிட்டுப் பாதுகாத்த துப்பாக்கி நூறாண்டு கழித்தும் சுடும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வரத்தை அடைத்தது, அதுவும் அரைகுறையாக. இருப்பைத் தொடவில்லை. சட்டத்தை முன்னின்று கொணர்ந்த செனட் உறுப்பினர் டயான் ஃபைன்ஸ்டைன், பழைய துப்பாக்கிகளையும் திரும்பப் பெறவே தாம் விரும்பியதாகவும், அதற்குப் போதிய வாக்குகள் இல்லை என்றும் பின்னர் தொலைக்காட்சிப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்.

வரத்தை அரைகுறையாக அடைத்தது என்றதற்குக் காரணம் உண்டு. மேகசினைக் கழற்றி மாட்டும் வசதியுடன், பிடி, மடக்கும் கட்டை, துப்பாக்கி முனைக் கத்தியைப் பொருத்தும் அமைப்பு போன்றவற்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் அது தடைக்குரியது என்றது சட்டம். ஒன்றைக் கழற்றிவிட்டு அதே துப்பாக்கியை வேறு பெயரில் விற்றனர். ரூகர் மினி-14 என்ற துப்பாக்கி, ஏஆர்-15 சுடும் அதே அளவுத் தோட்டாவைச் சுடுவது. மரக்கட்டையுடன் பார்வைக்கு வேட்டைத் துப்பாக்கி போல இருப்பதால், அதன் சாதாரண வடிவம் விலக்குப் பட்டியலில் இடம்பெற்றது. 1989-இல் மான்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களைக் கொன்றவன் பயன்படுத்தியது அதைத்தான். நார்வேயின் உட்டோயா தீவில் 2011-இல் 69 பேர் உயிரிழந்த கொடுமையிலும் அதே துப்பாக்கி. தோற்றத்தை அளவுகோலாக வைத்த சட்டத்துக்கு, வேகம் கண்ணில் படவில்லை.

இருப்பைத் தொட்ட நாடு ஆஸ்திரேலியா. 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜான் ஹோவர்ட் பிரதமராகி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. அவர் வலதுசாரிக் கூட்டணியின் தலைவர். கூட்டணியின் கிராமப்புற வாக்காளர்களோ துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள். துப்பாக்கிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களிடம் இருந்தது. பன்னிரண்டே நாள்களில் அனைத்து மாநிலங்களையும் உடன்பட வைத்தார். அரசு எடுத்துக்கொள்ளும் சொத்துக்கு நியாயமான ஈடு தர வேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் கூறுவதால், ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு துப்பாக்கிக்கும் விலை கொடுக்கப்பட்டது. அதற்கான பணத்தை, மக்கள் செலுத்தும் மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு மட்டும் 0.2 விழுக்காட்டுப் புள்ளி உயர்த்தித் திரட்டினர். ஏறத்தாழ 6.5 லட்சம் துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. நாட்டிலிருந்த மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது என்பது மதிப்பீடு. எதிர்ப்பாளர் கூட்டம் ஒன்றில் ஹோவர்ட் சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து பேசிய காட்சியும் அந்த ஆண்டில்தான்.

பலன்? போர்ட் ஆர்தர் வரையிலான 18 ஆண்டுகளில், ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 13. அடுத்த 22 ஆண்டுகளில், 2018-இல் ஒரு குடும்பத்தினர் ஏழு பேர் உயிரிழந்த நிகழ்வு வரை, அந்த அளவில் ஒன்றும் இல்லை. துப்பாக்கித் தற்கொலைகளும் வெகுவாகக் குறைந்தன. எனினும் துப்பாக்கி மரணங்கள் 1996-க்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தன. துப்பாக்கி தொடர்பில்லாத தற்கொலைகளும் கொலைகளும்கூட அதே காலத்தில் குறைந்தன. எனவே சரிவு முழுவதையும் தடையின் கணக்கில் எழுதுவது சரியன்று என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கின்றனர். அந்த எச்சரிக்கை நியாயமானது. பெருந்திரள் படுகொலைகள் குறித்த எண்ணிக்கையைப் பொறுத்தவரை அதற்கு அத்தனை வலு இல்லை என்பது என் கருத்து.

நியூசிலாந்து இன்னும் வேகமாகச் சென்றது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற வாக்கில் தடையை நிறைவேற்றியது. அவ்வாண்டு இறுதிக்குள் சுமார் 56,000 துப்பாக்கிகள் பணம் கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டன. திட்டம் வெற்றியா என்று கேட்டபோது, நாட்டின் தலைமைத் தணிக்கையாளரால் விடை கூற இயலவில்லை. மொத்தம் எத்தனை இருந்தன என்பதற்குப் பதிவேடே கிடையாது. 56,000 என்பது முழுமையாகவும் இருக்கலாம், மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம். துப்பாக்கி ஒவ்வொன்றையும் பதிவு செய்யும் ஏற்பாடு அங்கு 2023-இல்தான் தொடங்கியது. எண்ணாமல் திரும்பப் பெற்றால் இதுதான் நிலை.

கனடாவின் கதை தாமதத்தின் கதை. நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்ட இரண்டு வாரங்களுக்குள், 2020 மே 1 அன்று, சுமார் 1,500 மாதிரிகள் தடை செய்யப்பட்டன. மான்ட்ரியாலில் 1989-இல் பயன்பட்ட மினி-14 தடைப் பட்டியலில் ஏறியதும் அன்றுதான், 31 ஆண்டுகள் கழித்து. ஆனால் ஒப்படைப்பதற்கான பொதுமன்னிப்புக் கெடு 2022, 2023, 2025, 2026 எனத் தள்ளிக்கொண்டே போனது. தடை செய்யப்பட்ட பொருள் அவரவர் வீட்டு அலமாரியிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தது. நோவா ஸ்கோஷியா கொலையாளியின் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டவை என்பது இன்னொரு சங்கடம். பக்கத்து வயல் மடை திறந்திருக்கும்போது நம் வரப்பை மட்டும் உயர்த்தி என்ன பயன் என்று கனடியர்கள் கேட்பதில் பொருளிருக்கிறது. நியூ ஜெர்சியின் நிலையும் அதுவே. மாநில எல்லைகளில் சுங்கச் சாவடி கிடையாது.

அப்படியானால் அமெரிக்காவுக்கு எந்த வழியும் இல்லையா? அந்நாட்டின் சொந்த வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. விவாதத்தில் அது அரிதாகவே பேசப்படுகிறது. 1934-இல், கும்பல் வன்முறையைக் கண்டு அஞ்சிய அமெரிக்க நாடாளுமன்றம், இயந்திரத் துப்பாக்கிகளைத் தடை செய்யவில்லை. ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும், கைமாறும்போதெல்லாம் 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது. அன்று ஒரு தாம்சன் துப்பாக்கியின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். பிறகு 1986-இல், பதிவேட்டில் புதிதாக எதையும் தனியாருக்காகச் சேர்க்கக் கூடாது என்று கதவை மூடிவிட்டது. இன்று தனியாரிடையே கைமாறக்கூடிய இயந்திரத் துப்பாக்கிகள் ஒன்றே முக்கால் லட்சம் அளவில்தான் உள்ளன. ஒன்றின் விலை பல்லாயிரம் டாலர். சட்டப்படி பதிவான இயந்திரத் துப்பாக்கி குற்றத்தில் பயன்படுவது மிக மிக அரிது. இங்கும் பழைய இருப்புக்கு விலக்கு உண்டு. ஆனால் அது எண்ணப்பட்ட இருப்பு, வரி விதிக்கப்பட்ட இருப்பு, இன்னார் கையில் இருக்கிறது என்று தெரிந்த இருப்பு. இருப்பு சிறிதாக இருந்தபோதே தொடங்கியது என்பதுதான் வெற்றிக்குக் காரணம்.

அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் அந்தக் காலம் கடந்துவிட்டது. 1994-இல் 15 லட்சம் என்றிருந்த இருப்பு, துப்பாக்கித் தொழில்துறைச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 2.44 கோடி. இரு மதிப்பீடுகளின் வரையறையும் முற்றிலும் ஒன்றல்ல என்றாலும், பதினாறு மடங்கு என்பது வரையறையால் வந்த வேறுபாடன்று. இந்தப் பெருக்கத்துக்குத் தடை பற்றிய பேச்சே பெரிய உந்துதல். சாண்டி ஹூக் நிகழ்ந்த 2012 டிசம்பரில், துப்பாக்கி வாங்குவோர் பற்றிய பின்னணிச் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டி அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டன. தடை மசோதா 2013 ஏப்ரலில் செனட்டில் 40-க்கு 60 எனத் தோற்றது, வாங்கியவர்கள் வாங்கியதுதான். தடையை எதிர்க்கும் அதிபர் பதவிக்கு வந்தபின் விற்பனை தளர்ந்து, பழம்பெரும் ரெமிங்டன் நிறுவனம் 2018-இல் திவால் மனு அளித்ததும் இதே தர்க்கத்தின் மறுபக்கம்.

இருப்பு பெருகுவதற்குச் சட்டரீதியான விளைவும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் ஹெல்லர் தீர்ப்பில் அமெரிக்க உச்சநீதிமன்றம், மக்களிடையே பொதுப் பயன்பாட்டில் உள்ள ஆயுதங்களுக்கு அரசமைப்பின் பாதுகாப்பு உண்டு என்றது. இதன் பொருள் என்ன? அதிகம் விற்ற பொருள் உரிமையாகிவிடுகிறது. தடை தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் தடைக்கு எதிரான வாதத்தை வலுப்படுத்துகிறது. இது சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்துக்கே வரும் வாதம் என்று மேல்முறையீட்டு நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக் 2015-இலேயே சுட்டிக்காட்டினார். அவர் பொருளியல் நோக்கில் சட்டத்தை அணுகுவதற்குப் பெயர் பெற்றவர் என்பதில் எனக்குச் சிறு பெருமிதம்.

பணம் தடையா என்றால், இல்லை. துப்பாக்கி ஒன்றுக்கு 1,000 டாலர் என்று நாமே ஒரு விலை வைத்தாலும் 2.44 கோடிக்கு ஆகும் செலவு 2,440 கோடி டாலர். அமெரிக்க மத்திய அரசின் ஓராண்டுச் செலவில் அது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. தடை இரண்டு. ஒன்று, துப்பாக்கிகளுக்கான தேசியப் பதிவேட்டை மத்திய அரசு உருவாக்கவே கூடாது என்று 1986-ஆம் ஆண்டின் அதே சட்டம் விலக்கிவைத்துள்ளது. இன்னொன்று, மக்களின் இசைவின்மை. இல்லினாய் மாநிலம் 2023-இல் தடை கொணர்ந்து, பழையவற்றை வைத்திருப்போர் பதிவு செய்யக் கெடு விதித்தது. துப்பாக்கி வைத்திருக்க அடையாள அட்டை பெற்றவர்கள் அம்மாநிலத்தில் 24 லட்சம் பேர். கெடு முடிந்தபோது பதிவு செய்திருந்தோர் ஏறத்தாழ 29,000. அனைவரிடமும் அவ்வகைத் துப்பாக்கி இருந்திருக்காது என்பது உண்மைதான். ஆயினும் அந்த எண்ணைக் கண்டபின், வீடு வீடாகத் திரும்பப் பெறும் திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் சற்று நிதானிக்க வேண்டும்.

ஆகவே, 1994-ஐப் போன்ற இன்னொரு தேசியத் தடையை வெற்றிகரமாகக் கொணர்ந்தாலும், அதை இயற்றியவர்களுக்கு நிறைவு தருமே தவிர, என் பேத்தியின் வகுப்பறையில் விளக்கு எரிய அது போதாது. பெரிய மேகசின்களுக்கு வரம்பு, வாங்கும் வயதை 21 ஆக்குவது, 1934-இன் வழியில் பதிவும் கைமாற்று வரியும், விரும்பி ஒப்படைப்போருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் ஈடு ஆகியவை வேகம் குறைந்த வழிகள். ஆனால் இவை இருப்பை நோக்கிச் செல்பவை. யுவால்டி கொலையாளியை வயது வரம்பு ஒன்றே தடுத்திருக்கும் அல்லது தாமதப்படுத்தியிருக்கும். அந்நிகழ்வுக்குப் பின் பிரதிநிதிகள் சபை 217-க்கு 213 என்ற வாக்கில் முழுத் தடை மசோதாவை நிறைவேற்றிச் செனட்டுக்கு அனுப்பியது. அங்கே அது கிடப்பில் கிடந்தே இறந்தது. வயது வரம்போ சட்டமாகவில்லை. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்குக் கூடுதல் சோதனை என்ற அளவில் இரு கட்சிகளும் உடன்பட்டு நின்றுவிட்டன.

மேரிலாந்து மாநிலத்தின் தடையை எதிர்த்த வழக்கை உச்சநீதிமன்றம் 2025 ஜூன் மாதம் விசாரணைக்கு ஏற்க மறுத்தது. மறுத்தாலும் நீதிபதி பிரெட் கவனா தனியே ஒரு குறிப்பு எழுதினார். ஏஆர்-15 பற்றிய கேள்வியை நீதிமன்றம் ஓரிரு ஆண்டுகளில் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். அமெரிக்கர்களிடம் 2 முதல் 3 கோடி ஏஆர்-15 துப்பாக்கிகள் உள்ளன என்ற எண்ணும் அக்குறிப்பில் இருக்கிறது. அந்த வழக்கு வரும் நாளில் அந்த எண் இன்னும் சில லட்சங்கள் கூடியிருக்கும். என் பேத்தி அப்போது மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருப்பாள்.